காளானைப் பார்த்தவர்கள்

அணுகுண்டு பற்றித் தமிழில் கவிதை எழுத உட்காருகிறவர்கள் காளானை விடுவதில்லை. நான் படித்தவரையில் இரண்டாவது வரியிலோ மூன்றாவது வரியிலோ அது முளைத்துவிடும். பிறகு புத்தரின் கண்ணீர், கருகிய புறா, கடைசியில் ஒரு குழந்தையின் கை. 1974-ல் பொக்ரானில் வெடித்ததற்கு வைத்த ரகசியப் பெயரே ‘சிரிக்கும் புத்தர்’ என்றான பிறகு, புத்தரை அழவைப்பது ஒன்றும் பெரிய கற்பனை அல்ல. என் குறை புத்தரைப் பற்றியதல்ல, காளானைப் பற்றியது. ஒரு படிமத்தை எடுத்தாளுகிறவன் அது யாருடைய கண்ணிலிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா? காளான் தெரிய வேண்டுமென்றால் தூரத்தில் இருக்க வேண்டும். கப்பலிலோ விமானத்திலோ, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. அடியில் இருந்தவன் காளானைப் பார்க்கவில்லை. அது வெடிக்க வைத்தவனின் படிமம். அவன் பிடித்த போட்டோவிலிருந்துதான் நம் கவிகள் கண்டனம் செய்கிறார்கள்.

இந்தச் சந்தேகம் எனக்கு உறுதிப்பட்டது ப்ரூஸ் கானரின் ‘க்ராஸ்ரோட்ஸ்’ (1976) படத்தைப் பார்த்தபோது. முப்பத்தாறு நிமிஷத்துக்கு மேல் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். 1946 ஜூலை 25-ந் தேதி பிகினித் தீவின் நீர்ப்பரப்புக்கு அடியில் அமெரிக்கக் கடற்படை வெடித்த ‘பேக்கர்’ குண்டு. பல காமிராக்கள் பல கோணங்களில் பிடித்த அந்த ஒரே வெடிப்பு, திரும்பத் திரும்ப, மேலும் மேலும் மெதுவாக. அவ்வளவுதான். வசனம் இல்லை, விளக்கம் இல்லை. கடல் ஒரு தூணாக எழுகிறது, தூணின் தலை விரிகிறது, சுற்றி நிற்கும் பழைய போர்க்கப்பல்கள் பொம்மைகளாகின்றன, அப்புறம் தூண் உடைந்து பனிமூட்டமாகக் கப்பல்களை ஒவ்வொன்றாக விழுங்குகிறது. பார்க்க அழகாக இருக்கிறது. சகிக்க முடியாத அளவுக்கு அழகாக இருக்கிறது. முதல் பாதியில் கேட்கும் கடற்பறவைச் சத்தமும் வெடியோசையும் அசலானவை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். படச்சுருளில் ஒலியே கிடையாதாம். பாட்ரிக் க்ளீசன் சிந்தஸைசரில் செய்தது. ஆவணம் என்று நாம் நம்புவதில் எவ்வளவு பங்கு நம் காதே இட்டுக்கட்டுகிறது! இரண்டாவது பாதியில் டெர்ரி ரைலியின் இசை. ஏறக்குறைய தியானம்.

கானர் இந்த அழகைப் பொறியாகத்தான் வைத்திருக்கிறார் என்பதில் சந்தேகமில்லை. நம்மை ரசிக்க வைத்து, ரசித்ததற்காக வெட்கப்பட வைக்கிறார். ஆனால் அந்த வெட்கமும் பார்வையாளனின் வெட்கம்தான். முப்பத்தாறு நிமிஷத்தில் ஒரு மனித முகம் இல்லை. திரையிலிருந்து வழிந்து கப்பல்மேல் இறங்குகிற அந்தப் பனிமூட்டம் கதிரியக்கம் ஏறிய கடல் தண்ணீர் என்பதோ, அதற்குப் பிறகு மாலுமிகளைச் சோப்பும் பிரஷ்ஷும் கொடுத்துக் கப்பல்தளத்தைத் தேய்க்கவிட்டார்கள், தேய்த்தும் போகவில்லை, திட்டமிட்டிருந்த மூன்றாவது சோதனையைக் கைவிட வேண்டியிருந்தது என்பதோ படத்துக்குள் வராது. வர முடியாது. காமிரா இருந்த இடம் அப்படி.

பிகினி என்றால் நமக்கு நீச்சலுடை. முதல் குண்டு ஜூலை 1-ந் தேதி. பாரிஸில் லூயி ரேயார் தன் இரண்டு துண்டுத் துணியை அறிமுகம் செய்தது ஜூலை 5. அந்த முதல் குண்டின்மேல் ரீட்டா ஹேவொர்த்தின் படத்தை ஒட்டி, அவள் நடித்த சினிமாவின் பெயரால் ‘கில்டா’ என்று பெயரும் வைத்திருந்தார்கள். சினிமாப் பத்திரிகைகள் மூலம் உலகமெல்லாம் போய்ச் சேர்ந்த சொல் அது. அந்தச் சொல்லின் கடைசியில் இருக்கிற ‘நி’ மார்ஷல் தீவு மொழியில் தென்னை. அந்தத் தென்னைகளுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முகங்களைப் பார்க்க ராபர்ட் ஸ்டோனின் ‘ரேடியோ பிகினி’க்கு வர வேண்டும். எண்பதுகளின் கடைசியில் வந்த ஆவணப்படம். 1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்ததும், பென் வயட் என்ற கடற்படை அதிகாரி 167 பேர் கொண்ட அந்தத் தீவு ஜனங்களிடம் கேட்கிறார்: மனித குலத்தின் நன்மைக்காக, எல்லா யுத்தங்களுக்கும் ஒரு முடிவு கட்டுவதற்காக, உங்கள் தீவைத் தற்காலிகமாகத் தருவீர்களா? பைபிளில் வரும் இஸ்ரவேலரை உதாரணம் காட்டுகிறார். இது காமிரா இல்லாமல் நடந்தது. மார்ச் மாதம் காமிரா வந்த பிறகு அதே சம்பாஷணையை மறுபடி நடத்தச் சொல்கிறார்கள். ஒரு தடவை சரியில்லை, இன்னொரு தடவை, இன்னும் ஒன்று. தலைவர் ஜுடா ஒவ்வொரு தடவையும் எழுந்து, எல்லாம் கடவுள் கையில் என்கிறார். கடவுள் கையில் இருப்பது நல்லதாகத்தான் இருக்க முடியும் என்று வயட் முடித்து வைக்கிறார். ஸ்டோன் செய்த ஒரே காரியம் அந்த வேண்டாத துண்டுகளையெல்லாம் வெட்டாமல் விட்டதுதான். ஜுடாவின் முகத்தில் ஏறிக்கொண்டே போகிற களைப்பை எந்த நடிகனும் கொண்டுவர முடியாது. சம்மதம் என்பது எத்தனையாவது டேக்கில் சம்மதம் ஆகிறது?

அந்த ஜனங்களை ரொங்கெரிக் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே பட்டினி. 1948-ல் கிலி என்ற தீவு. அதில் உள்கடல் கிடையாது. உள்கடலில் மீன்பிடித்து வாழ்ந்தவர்களுக்கு அலை மோதுகிற வெறும் பாறைக்கரை. 1968-ல் பிகினி பத்திரம் என்று அறிவித்தார்கள். எழுபதுகளில் சில குடும்பங்கள் திரும்பிப் போய் வீடு கட்டிக்கொண்டன. 1978-ல் மறுபடி கப்பலேற்றினார்கள், அவர்கள் உடம்பில் சீசியம் 137 ஏறிக்கொண்டிருந்தது என்று. காரணம் தென்னை. பவழத் தீவின் மண்ணில் பொட்டாசியம் குறைவு. பொட்டாசியத்துக்காகத் தவிக்கிற வேர் ரசாயனத்தில் அதன் ஜாதியைச் சேர்ந்த சீசியத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இளநீராகவும் தேங்காயாகவும் அது மேலே வருகிறது. மரம் பச்சையாகத்தான் இருக்கும், காயும் நன்றாகத்தான் காய்க்கும். பொட்டாசிய உரம் போட்டால் சீசியம் ஏறுவது குறைகிறது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். நம் கவிதைகளில் வருகிற கருகிய மரத்தை நினைத்துக்கொள்கிறேன். கருகிய மரம் எவ்வளவு சௌகரியமான படிமம்!

சீசியத்தின் அரை ஆயுள் சுமார் 30 வருஷம். கூட்டு வட்டி போட்டுப் பழகிய கைக்கு இந்தக் கணக்கு சுலபம். அதே கணக்கு, தலைகீழாக. 1954-ல் விழுந்ததில் 2014-ல் கால் பங்கு பாக்கி. புளுட்டோனியத்துக்கு 24,000 வருஷம். எந்த லெட்ஜரிலும் அதற்குப் பக்கம் கிடையாது. எனிவெடாக் வளையத்தில் ரூனிட் என்கிற தீவில் 1958-ம் வருஷத்துச் சோதனை ஒன்று தோண்டிய பள்ளத்தில் 1977-லிருந்து 1980 வரை கதிரியக்க மண்ணை அள்ளிக் கொட்டி, மேலே 18 அங்குலக் கான்கிரீட் மூடி போட்டிருக்கிறார்கள். அடியில் எதுவும் போடவில்லை. பள்ளம் தோண்டிய குண்டின் பெயர் ‘காக்டஸ்’, கள்ளி. அந்த வருஷம் அங்கே வெடித்த குண்டுகளுக்கெல்லாம் மரம் செடிகளின் பெயர். 1956-ல் செவ்விந்தியக் குலங்களின் பெயர்: செரோகி, நவஹோ, அபாச்சி. பிரெஞ்சுக்காரர்கள் சகாராவில் 1960-ல் வெடித்த முதல் குண்டுக்குப் பாலைவன எலியின் பெயர் வைத்தார்கள். பசிபிக்குக்கு வந்ததும் நட்சத்திரங்களுக்கு மாறிக்கொண்டார்கள். பெயர் வைப்பதில் இவர்களுக்கு ஒரு கவித்வம் இருந்திருக்கிறது.

1954 மார்ச் 1. பிகினியில் ‘பிராவோ’. எதிர்பார்த்தது 5, 6 மெகாடன், வெடித்தது 15. பவழப் பாறையில் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம். அங்கிருந்த பாறை எங்கே போயிற்று? பொடியாகி மேலே போய், சுண்ணாம்பாகி, கிழக்கே நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் ரொங்கெலாப் தீவில் சில மணி நேரத்தில் விழத் தொடங்கியது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். சினிமாவில் பார்த்த பனி என்று நினைத்தவர்கள் உண்டு. கூரையில் விழுந்தது, கூரையிலிருந்து தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது, குடித்தார்கள். இரவுக்குள் வாந்தி, அப்புறம் தோல் வெந்தது, தலைமுடி கொத்தாக வந்தது. ரொங்கெரிக்கில் இருந்த 28 அமெரிக்க வானிலைப் படைவீரர்களை முதலில் கொண்டுபோனார்கள். ரொங்கெலாப்காரர்களுக்குக் கப்பல் வர இரண்டு நாள். அதே பொடி ‘ஐந்தாம் எண் அதிர்ஷ்ட டிராகன்’ என்ற ஜப்பானியச் சூரைமீன் படகின் 23 பேர்மேலும் விழுந்தது. அதன் ரேடியோக்காரர் செப்டம்பரில் இறந்தார். ஜப்பானில் அதற்கு ‘மரணச் சாம்பல்’ என்று பெயர் நிலைத்தது. மேற்கே சூரியன் உதித்தது என்பது அந்தப் படகுக்காரர்களின் வாக்கு. காளான் என்பதல்ல.

எனக்கு முக்கியமாகப் படுவது, அது சாம்பலே அல்ல என்பது. பக்கத்துத் தீவின் பாறை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் காலூன்றி நின்ற பவழம், சுண்ணாம்பாகி அவர்கள் தலையில் விழுந்தது. இதைக் கற்பனை செய்துகொள்ள ஒரு கவி தேவையில்லை. நடந்ததைச் சரியாகப் படித்தால் போதும்.

ரொங்கெலாப் ஜனங்களை 1957-ல் திருப்பி அனுப்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் 1956 ஜனவரியில் அணுசக்திக் கமிஷனின் கூட்டமொன்றில், நியூயார்க்கில் கமிஷனின் உடல்நலப் பாதுகாப்புக் கூடத்துக்குத் தலைவராயிருந்த மெரில் ஐசன்பட், பக்கத்து யூட்ரிக் தீவுக்காரர்கள் திரும்பிப் போய் வாழ்வது பற்றிப் பேசுகிறார். உலகத்திலேயே மிகவும் மாசுபட்ட இடம் அது; அங்கே வாழ்கிறவர்களிடமிருந்து கிடைக்கிற விவரம் சுவாரசியமாக இருக்கும். இவர்கள் நாகரிக மனிதர்களைப்போல வாழ்கிறவர்களல்ல என்பது உண்மைதான், ஆனாலும் எலிகளைவிட இவர்கள் நமக்கு நெருக்கமான சாயலுள்ளவர்கள் என்பதும் உண்மை என்கிறார்.

இதை வன்மம் என்று படிப்பது சுலபம். பேச்சு அப்படி இல்லை. நிதானமான, ஏறக்குறைய நியாயம் பேசுகிற குரல். எனக்கு அது ஓர் உவமையாகப் படுகிறது. உபமேயம் தீவுக்காரர், உபமானம் நாம், நடுவே ஒப்புமையின் அளவுகோலாக எலி. நம் இலக்கணக்காரர்கள் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்று நான்கைச் சொன்னார்கள். இங்கே பயன் ஒன்றுதான் இருக்கிறது. யாருக்குப் பயன் என்பதும் மறைக்கப்படவில்லை.

இதற்கு எதிரே இன்னொரு உவமையை வைக்க வேண்டும். லிஜோன் எக்னிலாங், பிராவோவின்போது ரொங்கெலாப்பில் எட்டு வயதுச் சிறுமி. 1995-ல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தின்முன் சாட்சி சொன்னார். தனக்கு ஏழு கர்ப்பம் கலைந்ததைச் சொன்னார். அவர் தீவுப் பெண்களுக்குப் பிறந்தவற்றைச் சொல்லும்போது, அவற்றை ஆக்டோபஸ் என்றும் ஆப்பிள் என்றும் ஆமை என்றும்தான் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அந்த மாதிரிக் குழந்தைகளுக்கு எங்கள் பாஷையில் வார்த்தை இல்லை, அவை முன்பு பிறந்ததில்லை என்றார். எலும்பில்லாமல், தோல் ஊடுருவித் தெரிய, உள்ளே மூளையும் துடிக்கிற இதயமும் தெரியப் பிறந்து ஒரு நாள் இரண்டு நாளில் அடங்கிப்போனவற்றுக்கு ஜெல்லிமீன் குழந்தைகள் என்று பெயர்.

‘போல’ என்பது இங்கே இல்லை, கவனிக்க வேண்டும். எழுபதுகளில் நம் சிறுபத்திரிகைகளில் படிமம் பற்றி நடந்த சண்டைகளில் படிமம் அலங்காரமல்ல, அனுபவமே அதுதான் என்று அடித்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதற்கு அவர்கள் காட்டிய உதாரணங்கள் பல வெறும் அலங்காரமாக இருந்தன. வார்த்தை இல்லாத இடத்தில், தாய்மார்கள் தங்கள் கண்ணுக்குப் பழகிய ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் ஒரு பெயரும் இருக்கவில்லை, பின்னாலும் வேறு பெயர் வரவில்லை. படிமம் வேறு என்னவாக இருக்க முடியும்?

இந்த இடத்தில் விஞ்ஞானம் குறுக்கிடும், குறுக்கிடவும் வேண்டும். ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களுக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர்கள் பரம்பரைக் குறை கூடியிருப்பதாகக் காணவில்லை. கருவிலேயே கதிர்பட்டவர்கள் கதை வேறு, அது நிரூபணமானது. ரொங்கெலாப்பில் தைராய்டு விஷயத்தில் சர்ச்சை இல்லை: அயோடின் 131-க்கு அரை ஆயுள் எட்டே நாள்தான், ஆனால் அந்த எட்டு நாளில் குழந்தைகளின் கழுத்துக்குள் போனது 1963-ல் முதல் கட்டியாகத் தலைகாட்டியது; அன்று பத்து வயதுக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னால் வந்தது. பிராவோவின்போது ஒரு வயதாயிருந்த பையன் 1972-ல் லுகேமியாவில் இறந்தான். இவை நோட்டுப் புத்தகத்தில் ஏறுகின்றன. தாய்மார்களின் ஜெல்லிமீன்கள் ஏறுவதில்லை. எண்ணிக்கை போதாது, கருவிகள் இருந்த இடத்தில் பிறக்கவில்லை.

எண்ணிக்கையின் வேலையையும் பார்ப்போம். 2010-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்து ஆய்வாளர்கள் போட்ட கணக்கு: சோதனைக் காலத்தில் வாழ்ந்த மார்ஷல் தீவு ஜனங்கள் முழுவதையும் எடுத்துக்கொண்டால், அவர்களுக்கு வரக்கூடிய புற்றுநோய்களில் கதிர்வீச்சால் வருவது சுமார் 1.6 சதவீதம். கொஞ்சம்தானே என்று தோன்றும். பிராவோ அன்று ரொங்கெலாப்பிலும் அய்லிங்கினேயிலும் இருந்த 82 பேரை மட்டும் எடுத்துக்கொண்டால் சுமார் 55 சதவீதம். இரண்டும் ஒரே கட்டுரையில், இரண்டும் சரி. எதைத் தலைப்பில் போடுகிறோம் என்பது கணிதம் அல்ல.

பணத்தைப் பற்றி நான் பேசாமலிருந்தால் என் உத்தியோகத்துக்கு அவமரியாதை. 1986-ல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி அமெரிக்கா 150 மில்லியன் டாலர் நிதி வைத்தது. பதிலுக்கு நடந்தது, நடப்பது, நடக்கப்போவது எல்லாவற்றுக்குமான கோரிக்கைகளும் முழுசாகத் தீர்ந்தன என்று எழுதி வாங்கிக்கொண்டது. அசலைத் தொடாமல் வருமானத்தில் கொடுக்கலாம் என்பது எண்ணம். நஷ்டஈட்டுக்கு ஒரு தீர்ப்பாயம் அமைந்தது. முப்பதுக்கு மேற்பட்ட வியாதிகளுக்கு ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. நிலத்துக்கும் உடலுக்கும் சேர்த்து அது தீர்ப்பளித்த தொகை 2 பில்லியன் டாலருக்கு மேல். 2001-ல் பிகினிக்காரர்களுக்கு மட்டும் 563 மில்லியன். அதில் கைக்கு வந்தது அரை சதவீதத்தை எட்டவில்லை. நிதி வறண்டுவிட்டது. நிலைமை மாறிவிட்டது என்று 2000-ல் அமெரிக்கக் காங்கிரசுக்குப் போட்ட மனுவை அங்குள்ள நிர்வாகம் 2005-ல் ஏற்க மறுத்தது. 2010-ல் உச்சநீதிமன்றம் வழக்கைக் கேட்கவே மறுத்தது. காசோலை நிஜம், கையெழுத்து நிஜம், கணக்கில் பணமில்லை. எங்கள் கவுண்டரில் இதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறது.

1957-ல் திரும்பியவர்கள் 1985-ல் தாங்களே ரொங்கெலாப்பைக் காலி செய்துகொண்டு போனார்கள். அரசாங்கம் கப்பல் தராததால் ‘ரெயின்போ வாரியர்’ வந்து பல நடை அடித்து ஏற்றிக்கொண்டு போயிற்று. இரண்டு மாதத்துக்குள் பிரெஞ்சு உளவாளிகள் ஆக்லாந்தில் அந்தக் கப்பலைக் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள்.

கவிதைக்கு வருகிறேன். கேத்தி ஜெட்னில்-கிஜினர் மார்ஷல் தீவுக்காரர், ஆங்கிலத்தில் எழுதுகிறவர். தொகுதி 2017-ல் வந்தது. அவருடைய ‘அனாயின்டட்’ என்ற கவிதையை ரூனிட் மூடிமேலேயே நின்று சொல்லிப் படமாக்கியிருக்கிறார்கள். பலரும் புகழ்கிற அந்தப் படத்தைவிட, ‘ஹிஸ்டரி ப்ராஜெக்ட்’ என்ற கவிதையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பதினைந்து வயதுப் பள்ளிக்கூடப் பெண், அணுசோதனை பற்றிப் போட்டிக்கு ஓர் அட்டைக் காட்சி தயாரிக்கிறாள். ஆவணம் தேடிப் படித்துத் திகைக்கிறாள். கப்பலில் கட்டப்பட்ட ஆடுகளுக்காகக் கண்டனக் கடிதம் எழுதியவர்கள் உண்டு என்பது அவளுக்குத் தெரியவருகிறது. காட்சிக்குத் தலைப்பாக வயட் சொன்ன ‘மனித குலத்தின் நன்மைக்காக’ என்ற சொற்களையே குத்தலாக வைக்கிறாள். நடுவர் ஒருவர் பார்த்துவிட்டு, இது நன்மைக்காக நடந்ததாகச் சொல்ல முடியாதே என்கிறார். அவள் தோற்றுப்போகிறாள். கவிதை அங்கே நிற்கிறது.

அங்கதம் புரியாத வாசகன் நம்மூரிலும் மலிந்த சரக்குதான். ஆனால் இங்கே விஷயம் அது மட்டுமல்ல. அந்தச் சொற்களை அசலாகச் சொன்ன 1946-ல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை; பாதிக்கப்பட்டவளின் பேத்தி அவற்றைத் திருப்பிச் சொன்னதும் தகவல் பிழை கண்டுபிடிக்கிறார்கள். சத்தம் போடாமல், காளான் இல்லாமல், ஒரு பள்ளிக்கூட அட்டையை வைத்துக்கொண்டு இந்தக் கவிதை இதைச் செய்துவிடுகிறது. இந்தப் பெண்ணின் மற்றக் கவிதைகள் சிலவற்றில் மேடைக் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருக்கிறது. மேடையில் சொல்ல எழுதியவை. அச்சில் படிக்கும்போது மூச்சு வாங்குகிறது.

எக்னிலாங்கின் சாட்சியத்தைத் தமிழில் கொண்டுவர ஒரு மாதமாக முயன்றுகொண்டிருக்கிறேன். நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் போனதைத்தான் நான் படிக்க முடிகிறது; அதற்குள்ளே ஒரு பாஷை மறைந்திருக்கிறது. ஆக்டோபஸ், ஆப்பிள் பரவாயில்லை. திராட்சைக் குலைபோல வெளியே வரும் கருவுக்குத் தமிழில் முத்துப்பிள்ளை என்று வெகுநாளாகப் பெயர் இருக்கிறது. எந்தக் கிழவி வைத்த பெயரோ, அந்தப் பெயரில் கையில் ஏந்திக்கொள்கிற ஒரு வாஞ்சை இருக்கிறது. நமக்கு அந்த வார்த்தை எப்போதும் இருந்தது என்பதே அதை இங்கே போட முடியாததற்குக் காரணம். ரொங்கெலாப்பில் அது முந்தாநாள் வந்தது. ஜெல்லிமீன்தான் தொல்லை. இழுதுமீன் என்கிறது அகராதி. யாரும் பேசி நான் கேட்டதில்லை. கண்ணாடிப் பிள்ளை என்று போடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அழகாகிவிடும், கானரின் படம்போல. நம் கடற்கரையில் அதற்குச் சொறி என்றுதான் பெயர், மேலே பட்டால் அரிப்பதால். தோலில் பட்டதை வைத்துக் கரையில் நிற்கிறவன் வைத்த பெயர் அது. அந்தத் தாய்மார்கள் பெயர் வைத்தது உள்ளே தெரிந்ததைப் பார்த்து. இருந்தாலும் இப்போதைக்குப் பென்சிலில் சொறி என்றே எழுதி வைத்திருக்கிறேன்.